தேங்காய்ப்பாலும் தாலித்தட்டும்

புனே கேம்ப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. மறுநாள் காலை கல்யாணம். மணப்பெண் சாயம் போன பருத்தி உடையில் முக்காலி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பித்தளைப் பாத்திரம் நிறையத் தேங்காய்ப்பால். நாலைந்து பெண்கள் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து துருவிப் பிழிந்தது. முதலில் அம்மா வருகிறாள். கட்டைவிரலைப் பாலில் தோய்த்து மகளின் நெற்றியில் சிலுவை போடுகிறாள். பிறகு இரண்டு கையாலும் அள்ளித் தலையில் ஊற்றிக் கூந்தலில் தேய்க்கிறாள். அப்பா, தாய்மாமன், அத்தைமார், பக்கத்து வீட்டுக்காரர், வேலையிடத்துத் தோழிகள் என்று வரிசை நீள்கிறது. வயதான பெண் ஒருவர் கொங்கணியில் பாட்டெடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுகிறார்கள்.

கோவா, மங்களூர்க் கத்தோலிக்கர்கள் இதை ரோஸ் என்பார்கள். சாறு என்று பொருள், நம் ரசம்தான். முதல் தடவை இதைப் பார்க்கப் போனபோது, உறவுக்காரர்கள் முடிக்கட்டும் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றேன். பாடிக்கொண்டிருந்த மூதாட்டி பாட்டை நிறுத்தாமலே வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் என் கையைப் பாத்திரத்துக்குள் விட்டார். பால் இளஞ்சூடாக இருந்தது.

அதே ஊரில், காட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்துத் திருமணம். கோயிலுக்குக் கிளம்பும் முன் பெண்ணின் பெரியம்மா ஒரு தட்டை ஏந்தி வருகிறார். மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி, சுற்றிலும் ரோஜா இதழ். ஒவ்வொருவரும் தாலியைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறார்கள். அந்தத் தட்டு அப்படியே கோயிலுக்குப் போகிறது. பூசை நடுவே இருவரிடமும் சம்மதம் கேட்டு முடித்ததும் சாமியார் தாலியை மந்திரித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கிறார். முதல் முடிச்சு அவன் போட, மற்றவற்றை அவன் அக்காள் போடுகிறாள். நெட் முக்காடும் கிரீடமும் அணிந்த பெண் தலை குனிந்திருக்கிறாள். கழுத்தில் ஏறிய மஞ்சள் கயிறு வெள்ளைச் சேலைமேல் பளிச்சென்று தெரிகிறது.

இரண்டும் கத்தோலிக்கத் திருமணங்கள். பீடத்தின் முன் சொல்லப்படும் வாக்குறுதியும் ஒன்றுதான்: இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் உன்னோடு இருப்பேன் என்பது. ஒன்றில் ஊர் கூடி உடம்பைத் தொடுகிறது. மற்றொன்றில் ஊர் கூடித் தங்கத்தைத் தொடுகிறது. ஒன்று வீட்டுப் பின்கட்டில் நடக்கிறது, மற்றொன்று பீடத்தில். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அன்பைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் அது என்ன சொல்கிறது என்ற கேள்வி அந்தத் தேங்காய்ப்பாலில் கை வைத்த நாளிலிருந்து என்னிடம் இருக்கிறது.

இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க வாய்ப்பது புனே போன்ற ஊரில்தான். அன்று புனேயை ஆண்ட பேஷ்வாவின் படையில் கோவாக் கத்தோலிக்கர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு கோயில் வேண்டுமென்று தோம் மிகேல் தெ நொரோன்யா என்ற படை அதிகாரி கேட்க, பேஷ்வா சவாய் மாதவராவ் நிலம் கொடுத்தார். 1792இல் தொடங்கிய அந்தக் கோயில்தான் குவார்ட்டர் கேட் அருகே, நானா பேட்டையில் இன்றும் சிட்டி சர்ச் என்று அழைக்கப்படும் அமலோற்பவ மாதா கோயில். பிராமண ஆட்சியாளர் ஒருவர் கொடுத்த மண்ணில் புனேயின் கத்தோலிக்க வாழ்வு வேர்விட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. பிறகு ஆங்கிலேயரின் படைமுகாம் வந்தது. ஐரிஷ் சிப்பாய்களுக்காக 1850இல் புனித பேட்ரிக் கோயில் எழுந்தது. 1886இல் பூனா தனி மறைமாவட்டம் ஆயிற்று. காட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 1869இல் தொடங்கியது. அதையும் தேஹூரோடு படைக்கிடங்கையும் ரயில்வேயையும் ஒட்டித் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். ராஸ்தா பேட்டையில் முதலியார்கள் அதற்கும் முன்பே படைக்குச் சாமான் கொடுக்கும் குத்தகைக்காரர்களாக இருந்தார்கள். மராத்திக் கத்தோலிக்கர் மஞ்சள் பூசும் ஹளத், மலையாளிகளின் தாலியான மின்னு என்று இந்த ஊரில் இன்னும் பல சடங்குகள் உண்டு. நான் இங்கே கொங்கணியரையும் தமிழரையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சடங்குகளைப் பார்க்கும் முன், திருமணத்தைத் திருமணமாக்குவது எது என்று திருச்சபை சொல்வதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாமியார் கல்யாணம் பண்ணி வைத்தார் என்று நாம் சொல்கிறோம். இலத்தீன் வழிபாட்டு முறையின் போதனைப்படி அது சரியான பேச்சு அல்ல. இந்த அருட்சாதனத்தை நிறைவேற்றுபவர்கள் மணமகனும் மணமகளுமே. குரு திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1057ஆம் பிரிவில் இதைத் தெளிவாக்குகிறது: இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, அந்தச் சம்மதத்தை வேறு எந்த மனித அதிகாரமும் அவர்களுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது. தகப்பன் கொடுக்க முடியாது, ஆயர் கொடுக்க முடியாது, போப்பாண்டவரும் கொடுக்க முடியாது.

அப்படியானால் ஊருக்கு இதில் என்ன வேலை? இந்தக் கேள்வியோடு திருச்சபை பல நூற்றாண்டுகள் மல்லாடியிருக்கிறது. சம்மதம் மட்டும் போதும் என்றால் இருவர் யாருக்கும் தெரியாமல் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தாலும் அது திருமணம்தான். ஐரோப்பாவில் அப்படி நடந்தது. பிறகு ஆண் மறுத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொள்வான். முதலாவது பெண்ணுக்குச் சாட்சி சொல்ல ஆள் இராது. அதனால்தான் 1215இல் நான்காம் லாத்தரான் சங்கம் திருமணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவிக்க வேண்டும் என்றது. 1563இல் திரெந்து சங்கம், பங்குக்குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத திருமணம் செல்லாது என்றது. தமிழ்க் கத்தோலிக்கர் ஓலை வாசிப்பது என்று சொல்கிறார்களே, அது இந்த வழியில் வந்ததுதான். மூன்று ஞாயிறு தொடர்ந்து இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பூசையில் வாசிப்பார்கள். கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சாட்சி வேண்டும் என்பதற்காகத்தான் சமூகம் இந்தத் திருமணத்துக்குள் அழைக்கப்பட்டது. பெண் யார், மாப்பிள்ளை யார் என்று தேர்ந்தெடுக்க அது அழைக்கப்படவில்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தாலி பீடம் ஏறியதும் ரோஸ் பின்கட்டில் தங்கியதும் தற்செயல் அல்ல. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று பேரெடுத்தவர், நாயக்கர்களின் நாட்டில் வாழ்ந்தார். அங்கே திருச்சபைக்குப் படையில்லை, சிறையில்லை. மக்களின் வழக்கத்தோடு பேசித்தான் எதையும் செய்ய முடியும். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் சமூக வழக்கம்தானே ஒழிய வேற்றுத் தெய்வ வழிபாடு அல்ல என்று அவர் வாதாடினார். 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் அந்த வாதத்தை நிபந்தனைகளோடு ஏற்றார். அந்த வழியில் வந்த இயேசு சபையினர் தாலியையும் விட்டுவைத்தார்கள்.

எதிர்ப்பு வராமல் இல்லை. ரோமிலிருந்து தூதுவராக வந்த, பின்னாளில் கர்தினாலான துர்னோன் 1704இல் புதுச்சேரியில் தங்கி ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. நூற்றெட்டு இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது கூடாது. ஆனால் அதே ஆணை ஒரு வாசலைத் திறந்துவைத்தது. சிலுவையோ இயேசுவின், மாதாவின் உருவமோ பொறித்த பதக்கத்தை அணிந்துகொள்ளலாம் என்றது. இன்று நம் வீட்டுப் பெண்கள் கழுத்தில் கிடக்கும் சிலுவைத் தாலியும் புறாத் தாலியும் அந்த வாசல் வழியாக வந்தவை. உருவம் மாறியது, தாலி நிலைத்தது, கோயிலுக்குள்ளும் போயிற்று.

கோவாவில் கதை வேறு. அங்கே போர்ச்சுக்கீசிய அரசே திருச்சபையின் கை. 1560இல் தொடங்கிய சமய விசாரணை மன்றம், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை இருந்தது. அந்த மன்றம் 1736இல் ஒரு நீண்ட தடையாணை போட்டது. நாட்டு வாத்தியங்கள் கல்யாணத்தில் ஒலிக்கக் கூடாது. வெற்றிலையும் பூவும் பலகாரமும் வழக்கப்படி அனுப்பக் கூடாது. பெண்கள் கூடிக் கல்யாணப் பாட்டுப் பாடக் கூடாது. மணமக்களுக்கு அரைத்த மஞ்சள், பால், தேங்காயெண்ணெய், அரிசிமாவு பூசக் கூடாது. இன்றைய ரோஸை அந்தப் பட்டியலோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், எதைத் தடுத்தார்களோ அது முழுதாகப் போகவில்லை என்பது தெரிகிறது. மஞ்சள் போயிற்று, தேங்காய்ப்பால் நிலைத்தது. பாட்டு நிலைத்தது. வெளியே அனுப்பும் பலகாரமும் நிலைத்தது. கோவாவிலிருந்து பல காலங்களில் வெளியேறி மங்களூர்ப் பக்கம் குடியேறியவர்களின் சந்ததியினர் திப்பு சுல்தானின் காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். 1799இல் மீண்டுவந்து வாழ்வை மறுபடி தொடங்கினார்கள். அவர்கள் வீட்டிலும் அதே ரோஸ், அதே வகைப் பாட்டு. இத்தனைக்கும் இதைப் பாதுகாத்தவர்கள் சாமியார்கள் அல்லர். வீட்டுப் பெண்கள் பாதுகாத்தார்கள். அதிகாரம் எட்டிப் பார்க்காத இடம் சமையலறையும் பின்கட்டும்தானே.

ஆக, தமிழ்நாட்டில் வழக்கம் கோயிலோடு பேரம் பேசி உள்ளே போயிற்று. கோவாவில் வழக்கம் கோயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்தது. கோவாத் திருமணத்தில் இன்றும் பீடத்தின் முன் மோதிரம் மட்டும்தான். மண்ணின் மணமெல்லாம் வீட்டில் இருக்கிறது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருமணத்தில் அந்தந்த நாட்டின் நல்ல வழக்கங்களைக் காக்க வேண்டும் என்று சொன்னது. கோவாப் பாட்டிமாருக்கு அந்த அனுமதி 227 ஆண்டு தாமதமாக வந்தது.

புனே நகர் சாலையில் இயேசு சபையினரின் பயிற்சி இல்லம் ஒன்றுக்கு தெ நொபிலி கல்லூரி என்று பெயர். மதுரையில் காவி உடுத்தி நடந்தவரின் பெயர் இந்தத் தக்காணத்துச் சாலையோரம் இருப்பதைப் பார்க்கும்போது, ஒரு தமிழனாக எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இரண்டு சடங்குகளையும் அருகில் வைத்து எது அன்புக்கும் சமூகத்துக்கும் அதிகம் பொருந்துகிறது என்று கேட்டால், நான் ரோஸின் பக்கம் நிற்கிறேன். காரணம் சொல்கிறேன்.

ரோஸ் இருவருக்கும் உண்டு. மணப்பெண் வீட்டில் அவளுக்கு, மாப்பிள்ளை வீட்டில் அவனுக்கு. இருவர் தலையிலும் அதே பால், இருவர் நெற்றியிலும் அதே சிலுவை. தாலி ஒருத்திக்கு மட்டும். அவள் மணமானவள் என்று ஊருக்குக் காட்ட ஓர் அடையாளம். அவன் மணமானவன் என்று காட்டக் கழுத்தில் ஒன்றுமில்லை. மோதிரம் வந்த பிறகு அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்தது, அவ்வளவுதான். நலங்கு நம்மிடமும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. சந்தனமும் மஞ்சளும் தடவி ஆசி கொடுக்கும் வழக்கம் பல தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் உயிரோடு இருக்கிறது. அது ரோஸின் உடன்பிறப்பு. ஆனால் நம் வீடுகளில் நலங்கு கல்யாணத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், நடுப்பக்கம் தாலிக்குத்தான்.

இரண்டாவது காரணம் விலை. ரோஸுக்கு வேண்டியது தேங்காயும் கைகளும். ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் பால் ஒன்றே. தாலி எத்தனை பவுன் என்ற கேள்வியோ கயிற்றோடு நிற்பதில்லை. சங்கிலிக்குப் போகிறது, அங்கிருந்து சீர்வரிசைக்கும் ரொக்கத்துக்கும் போகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலிருந்து இருக்கிறது. பூசைக்குப் போய் நற்கருணை வாங்கும் குடும்பங்கள் நிச்சயதார்த்தத்துக்கு முன் உட்கார்ந்து பவுன் கணக்குப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். மனம் நொந்து எழுந்து வந்திருக்கிறேன். மகளுக்கான பங்குதானே என்பார்கள். பங்கு என்றால் அது அவள் பெயரில் இருக்க வேண்டும், அவள் கைக்கு வர வேண்டும். கோவாவில் 1867ஆம் ஆண்டின் போர்ச்சுக்கீசிய உரிமையியல் சட்டம் இன்னும் செல்லுபடியாகிறது. வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் கணவன் மனைவி இருவர் சொத்தும் பொதுச் சொத்து, பாதி அவளுக்கு. அங்கே வரதட்சணையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் அவள் பக்கம் ஒரு நாற்காலியாவது போட்டு வைத்திருக்கிறது.

மூன்றாவது, தொடுதல். பால் தலையிலிருந்து வழிந்து கண்ணுக்குள் போகும். எரிச்சலில் பெண் கண்ணை இறுக்கிக்கொள்வாள். சின்னப் பையன்கள் விளையாட்டாக ஒரு குவளையை மொத்தமாகக் கவிழ்ப்பார்கள். மானமும் அலங்காரமும் அந்த நேரத்தில் நிற்காது. தன்னை வளர்த்த அத்தனை கைகளுக்கும் உடம்பைக் கொடுத்துவிட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். தங்கத்தைத் தொட்டு ஆசி கொடுக்கும்போது நமக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு தட்டு இருக்கிறது. ரோஸில் நடுவே ஒன்றுமில்லை.

தாலியின் பக்கத்தில் ஒரு பெரிய நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் என் வீட்டுப் பெண்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். ரோஸ் அன்று இரவே வெந்நீரில் கழுவிப் போய்விடும். தாலி நாற்பது, ஐம்பது வருஷம் கழுத்தில் கிடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா முதலில் தொடுவது தாலியிலுள்ள சிலுவையை. கணவன் வேலையிழந்து வந்த இரவிலும் அதைத்தான் பிடித்துக்கொள்வாள். தேய்ந்துபோன சிலுவைத் தாலிகளைப் பார்த்திருக்கிறேன். உருவமே தெரியாத அளவுக்குத் தேய்ந்தவை. அன்பு என்பது அந்த ஒரு நாள் உணர்ச்சி அல்ல, தினமும் எடுத்துக்கொள்ளும் முடிவு என்று போப் பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலில் வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். தேய்ந்த தாலியைப் பார்த்தால் அந்த மடலைப் படிக்காதவருக்கும் அது புரியும்.

துக்கம் வரும்போது இரண்டு மரபும் ஒரே இடத்தில் தவறுகின்றன. கோவாப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் தாய்மாமன் வீட்டில் கண்ணாடி வளையல்கள் போடுவார்கள். சூடோ என்று பெயர், பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கை நிறைய. கணவன் இறந்தால் பழைய வழக்கத்தில் அவற்றை அவன் பெட்டியின்மேல் தட்டி உடைப்பார்கள். நம்மில் தாலியைக் கழற்றுவார்கள். உயிர்ப்பை நம்புகிற ஒரு மதத்தில் கைம்பெண்ணை இப்படி அடையாளம் பறித்து நிறுத்துவதற்கு எந்த நியாயமும் கிடையாது. இப்போது பல வீடுகளில் இதை விட்டுவிட்டார்கள். எஞ்சியவர்களும் விட வேண்டும்.

விருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவாவில் கல்யாணத்தை ஒட்டி பிக்ராஞ் ஜெவாண் என்று ஒன்று உண்டு, பிச்சைக்காரர் விருந்து. குடும்பத்தில் இறந்துபோனவர்களை நினைத்து ஏழைகளை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். அவர்கள் சாப்பிட்ட பிறகே வீட்டார். கல்யாணப் பந்தலில் முதல் இலை செத்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் என்பது என்னை அசைத்த வழக்கம். தமிழ்க் கத்தோலிக்கரிடம் இதற்கு இணை தேடினால் தென்மாவட்டங்களில் கோயில் திருவிழாவில் நடக்கும் அசனம்தான் கிடைக்கிறது. சாதி, மதம் பாராமல் வந்தவர் எல்லாருக்கும் சோறு. ஆனால் அது திருவிழாவுக்கு உரியது. கல்யாண விருந்தில் நாம் அழைத்தவர் மட்டும். வாசலில் மொய் நோட்டு வேறு. மொய்யை நான் இழிவாகப் பேச மாட்டேன். கையில் காசில்லாதவன் மகள் கல்யாணத்தை முடித்துத் தலைநிமிர்ந்தது எத்தனையோ ஊரில் மொய்யால்தான். ஆனாலும் நோட்டில் எழுதப்பட்ட அன்பு ஒருநாள் திருப்பிக் கேட்கப்படும். பிச்சைக்காரர் விருந்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

இனி, சமூகம் என்ற சொல்லின் இருட்டான பக்கம். ஊர் கூடித் தொடுகிறது என்று இவ்வளவு நேரம் எழுதினேன். எந்த ஊர்? திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு சிறகுகள். இரண்டு சாதிக்காரர் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்த்துப் பூசை கேட்கும்படி கட்டியது, நடுவே தடுப்பு. அந்தத் தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. கோவாவிலும் பாமண், சார்தோ, சூதிர் என்ற சாதிப் பிரிவுகள் ஞானஸ்நானத்தில் கரையவில்லை. பல ஊர்க் கோயில்களில் சகோதர சபைகளே சாதிவாரியாக அமைந்தன. இரண்டு பக்கத்திலும் இந்தச் சுவர் கடைசியாக நிற்பது கல்யாணத்தில். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒரே கல்லறைத் தோட்டத்தில் புதைக்கச் சம்மதிப்பதும் உண்டு. பெண் கொடுக்க மாட்டார்கள். எந்த மனித அதிகாரமும் பதிலாகக் கொடுக்க முடியாத சம்மதம் என்று சட்டம் சொல்வதை இந்தச் சுவர் தினமும் பொய்யாக்குகிறது. பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது அவள் சரி என்றாள் என்பார்கள். வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்போது அந்தச் சரிக்கு என்ன பொருள்?

இங்கேதான் புனே எனக்கு நம்பிக்கை தருகிறது. கோவா கிராமத்தின் வாடோ என்ற குடியிருப்புப் பகுதியும் தமிழ்நாட்டுத் தெருவும் இங்கே இல்லை. காட்கியில் ஒரே மாடிப்படியில் மேல்வீட்டில் மங்களூர்க்காரர், கீழ்வீட்டில் தூத்துக்குடிக்காரர், எதிரே அகமத்நகர் மராத்தியர். ஞாயிறு பூசையில் ஒரே பெஞ்சு. பிறப்பால் கிடைத்த சமூகம் ஊரில் தங்கிவிட்டது. இங்கே சமூகத்தைத் தானே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ரோஸுக்கு அலுவலகத் தோழி வருகிறாள், சுவரோரம் நின்ற தமிழனின் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கிராமத்தில் அந்தப் பாத்திரத்துக்குள் என் கை போயிருக்குமா என்பது சந்தேகம்தான். மொழி கடந்த கல்யாணங்களும் இங்கே நடக்கின்றன. வெள்ளி இரவு பெண் வீட்டில் ரோஸ், சனிக்கிழமை கோயிலில் தாலி. ஓலையை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, வாக்குறுதியை அவரவர் மொழியில் சொல்ல வைக்கும் குருக்களும் உண்டு.

இழப்புகளும் தெரிகின்றன. அடுக்குமாடி வீட்டில் பின்கட்டு ஏது? ரோஸ் மண்டபத்துக்குப் போய்விட்டது. தரை வழுக்கும் என்று மண்டபக்காரர் பிளாஸ்டிக் விரிப்புப் போடச் சொல்கிறார். தேங்காய்ப்பால் பாக்கெட்டில் வருகிறது. பாட்டை அறிந்த பாட்டிமார் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒலிபெருக்கிப் பாட்டு. தாலி தட்டில் அடங்குவதால் எந்த ஊருக்கும் எளிதாகப் பயணம் செய்யும். ரோஸுக்குப் பாடத் தெரிந்த வாய் வேண்டும், துருவ உட்காரும் கைகள் வேண்டும். அதைக் காப்பது கடினம். கொங்கணி நண்பர்கள் அந்தப் பாட்டுகளைப் பாட்டிமார் வாயிலிருந்து இப்போதே பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

நம் தமிழ்க் குடும்பங்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. திருமணத்துக்கு முன் பங்குக்குரு பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே உட்காரவைத்து, யாரும் கட்டாயப்படுத்தாமல்தான் சம்மதிக்கிறாயா என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவார். அந்தக் கேள்வியை அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பும் முன் உங்கள் மகளிடம் நீங்களே கேளுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் வீட்டில் யார் முகமும் மாறக் கூடாது. நலங்கை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள், மாப்பிள்ளைக்கும் வையுங்கள். பவுன் பேச்சை விடுங்கள். கல்யாணத்தன்று தாலித்தட்டு சொந்தக்காரர் வரிசையோடு திரும்பி வரக் கூடாது. மேல்வீட்டு மங்களூர்க்காரரிடமும், வேறு சாதி என்று ஊரில் தள்ளி நிறுத்தியிருக்கக்கூடிய அந்தத் தமிழ்க் குடும்பத்திடமும், கைம்பெண்ணாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் சித்தியிடமும், கோயிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மாளிடமும் கொண்டுபோங்கள். தயங்கி நிற்பவர்களின் கையைப் பிடித்து நீங்களே தட்டில் வையுங்கள்.